வாளியிலிருந்து அடுப்பு வரை: வீட்டுக் கொல்லையில் பயோகேஸ் தொட்டி அமைக்கும் முறை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து, கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் பயோகேஸ் தொட்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மாசத்துக்கு எத்தனை தோம்பு கேஸ் மிச்சமாவுதுண்ணே?" தோம்பு என்றால் கேஸ் சிலிண்டர். இதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 4 கிலோ சமையல் கழிவு தின்னும் எங்கள் தொட்டி, மாதத்தில் ஏறத்தாழ 5 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடான வாயுவைத் தருகிறது. வீட்டுத் தோம்புக்கு அரசாங்கம் மானியம் கொடுத்து கிலோ 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசுக்கு விற்கும் நாட்டில் அதன் மதிப்பு 10 வெள்ளியைத் தொடாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பணம் மிச்சமாகும் என்று மட்டும் நம்பித் தொட்டி கட்டுகிறவர் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் தீனி போடுவதை நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டில் அது நிற்காமல் ஓடுவதற்கு வேறு காரணங்கள். குப்பைப் பையிலிருந்து ஒழுகும் நாற்றத் தண்ணீர் இல்லை. பின் சந்தில் நாய் பையைக் கிழிப்பதில்லை. வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் உரம் வாங்கி வெகு நாளாகிறது. இவற்றோடு தினமும் ஒரு மணி நேரம் நீலச் சுடரும் கிடைக்கிறது. இந்த வரிசையில் ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

மாட்டின் வயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத இருட்டு, இளஞ்சூடு, நிறைய தண்ணீர், உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். முதல் கூட்டம் சோற்றையும் காய்கறியையும் உடைத்துக் கரைக்கும். அடுத்த கூட்டம் அந்தக் கரைசலை அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலங்களைச் சுருக்கி அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் ஆக்கும். கடைசிக் கூட்டம் அவற்றைத் தின்று மீத்தேன் விடும். வெளியே வரும் வாயுவில் 50 முதல் 65 விழுக்காடு வரை மீத்தேன் இருக்கும். மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, அதோடு அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம்.

இதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று. அமிலம் உண்டாக்கும் கூட்டம் வேகமாகப் பெருகும், மீத்தேன் உண்டாக்கும் கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். தீனி அதிகமானால் அமிலம் குவிந்து தொட்டியே புளித்துப்போகும். தொட்டியின் அளவு, தண்ணீர்க் கணக்கு, தினசரித் தீனி எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் முடிவாகின்றன.

வெப்பத்துக்கு நாம் கவலைப்பட வேண்டாம். இந்த நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 40 டிகிரி வரை பிடிக்கும். குளிர் நாடுகளில் தொட்டியைச் சூடாக்கவே நிறைய வாயு செலவாகிவிடும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் தொட்டி தானாகவே 27, 28 டிகிரிக்குக் குறையாமல் நிற்கும். தோட்டத்துப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலைகளில் கறுப்புத் துணி போர்த்திய பெரிய குளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதே வேலைதான். ஆலைக் கழிவுநீர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு தரும். நம் அடுக்களை வாளியில் தண்ணீர் குறைவு, சத்து அதிகம். அதனால் ஒரு டன் கணக்கில் பார்த்தால் 80 முதல் 100 கன மீட்டர் வரை தரும்.

முதல் படி: ஏழு நாள் நிறுத்துப் பாருங்கள்

தொட்டி வாங்குவதற்கு முன் ஒரு வாளியும் மீன் நிறுக்கும் கொக்கித் தராசும் போதும். ஏழு நாளைக்கு வீட்டில் விழும் உணவுக் கழிவை மட்டும் தனியாகப் போட்டு, இரவில் நிறுத்து, காலண்டரில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில் ஒரு கணக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் வேறு கணக்கும் வரும். அதற்காகத்தான் ஏழு நாள்.

எங்கள் ஐந்து பேர் வீட்டில் சராசரி ஒன்றரைக் கிலோ வந்தது. அதை வைத்து ஒரு நாளைக்கு 120 முதல் 150 லிட்டர் வாயுதான் கிடைக்கும். ஓர் அடுப்பு மணிக்கு ஏறத்தாழ 350 லிட்டர் எரிக்கும். அதாவது 20, 25 நிமிடம். ஒரு பானைத் தண்ணீர் காயும், அவ்வளவுதான். அப்போது முச்சந்தியில் காலைக் கடை போடும் அக்காவிடம் கேட்டேன். தோசை மாவு கழுவின தண்ணீர், தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை, மிஞ்சிய சாம்பார், காய்த் தோல் எல்லாம் சேர்த்து அவரிடம் இரண்டரைக் கிலோ இருந்தது. "எடுத்துக்கப்பா, எனக்கும் வாளி கழுவுற வேலை மிச்சம்" என்றார். அப்படித்தான் எங்கள் 4 கிலோ சேர்ந்தது. ஒற்றை வீட்டுக் கழிவை மட்டும் நம்பித் தொடங்குகிறவர்கள் பக்கத்தில் ஒரு கடையையோ, மாடு வளர்க்கிறவரையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

என்ன போடலாம்? சோறு, வடிகஞ்சி, காய்கறி, பழம், ரொட்டி, தேயிலைத் தூள், கோழிக் குடல், மீன் கழிவு, மாட்டுச் சாணம் எல்லாம் ஆகும். கோழிக் குடலும் மீனும் கொஞ்சமாகவே போடுங்கள், தழைச்சத்து ஏறினால் அம்மோனியா வந்து நுண்ணுயிர்களைக் கொல்லும். எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் மட்டை, செம்பனைக் குலை, விறகுத் துண்டு எதுவும் வேண்டாம். செரிக்காமல் அடியில் தங்கிக் குழாயை அடைக்கும். சோப்புத் தண்ணீர், பாத்திரம் தேய்த்த நீர், வெளுப்பான் ஒரு சொட்டும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கோயிலிலிருந்து வரும் எலுமிச்சை மாலையை உரக்குழியில் போடுங்கள். வாழை இலை நார் சுருண்டு மிதந்து ஆடை கட்டும், விரல் அகலத்துக்கு நறுக்கினால்தான் ஆகும்.

இரண்டாம் படி: அளவுக் கணக்கு

சமையல் கழிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் உண்மையான தீனி, மிச்சம் ஈரம். 4 கிலோவில் 800 கிராம் என்று வையுங்கள். கலக்கி இல்லாத எளிய தொட்டிக்கு, ஒரு கன மீட்டர் இடத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர்ந்த தீனி என்பது நிம்மதியான அளவு. ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் புளிக்கும் ஆபத்து. எங்கள் தொட்டியில் திரவம் நிற்கும் இடம் 850 லிட்டர். 800 கிராம் அதற்குப் பொருந்துகிறது.

அடுத்தது எத்தனை நாள் உள்ளே தங்குகிறது என்ற கணக்கு. 4 கிலோ கழிவோடு 7 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் தினமும் 11 லிட்டர் உள்ளே போகும், அதே 11 லிட்டர் வெளியே வரும். 850-ஐ 11-ஆல் வகுத்தால் 77 நாள். நம் வெப்பத்துக்கு 30, 40 நாளே போதும் என்றாலும் சமையல் கழிவுக்கு இந்த தாராளம் நல்லதுதான்.

சாணத்துக்குக் கணக்கு வேறு. ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும், கிலோவுக்கு 35, 40 லிட்டர் வாயு வரும். மாட்டின் வயிற்றிலேயே பாதி செரித்து வந்ததால் வாயு குறைவு, ஆனால் புளிக்கவே புளிக்காது. மூன்று மாடு இருந்தால் 30 கிலோ சாணம், 30 லிட்டர் தண்ணீர், நாளுக்கு 60 லிட்டர். 40 நாளுக்கு 2,400 லிட்டர் இடம் வேண்டும். அந்த அளவுக்கு ஒற்றைத் தொட்டி போதாது. பள்ளம் வெட்டி அதில் கிடத்தும் நீளக் குழாய்ப் பை, அல்லது சிமெண்ட் வளையங்களை இறக்கிக் கட்டும் தொட்டி பாருங்கள். நாளுக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் வாயு கிடைக்கும், மூன்று மணி நேரம் அடுப்பெரியும். மின்சாரம் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சின்ன எஞ்சினில் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் வந்தால் அதிகம். வீட்டளவில் அது வீண் பாடு, அடுப்பிலேயே எரியுங்கள்.

மூன்றாம் படி: தொட்டி

மூன்று வகைகளைக் கேள்விப்படுவீர்கள். சீனாவில் பரவிய, மண்ணுக்குள் கட்டும் குவிமாடம். அதற்கு நல்ல கொத்தனார் வேண்டும், ஒரு மயிரிழை விரிசல் போதும், வாயு நிற்காது. இந்தியாவில் பரவிய மிதக்கும் மூடித் தொட்டி. வாயு சேரச் சேர மூடி எழும்பும், பார்க்க அழகு. ஆனால் மூடிக்கும் சுவருக்கும் இடையே திறந்து கிடக்கும் நீரில் கொசு முட்டையிடும். டெங்கி இருக்கும் நாட்டில் சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் அபராதம் எழுதுவார், எழுதுவதும் சரிதான். மூன்றாவது, தனித் தொட்டியும் தனி வாயுப் பையும். புதியவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

தொட்டிக்கு, இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கும் 1000 லிட்டர் தொட்டி நல்லது. பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் அதில் முன்பு என்ன இருந்தது என்று லேபலைப் பாருங்கள். சமையல் எண்ணெய், சோயா சாஸ், சீனிப்பாகு வந்த தொட்டி என்றால் சரி. தோட்டப் பகுதிகளில் களைக்கொல்லி வந்த தொட்டிகளும் கைமாறுகின்றன. பேராகுவாட் என்ற களைக்கொல்லி 2020-இலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் பழைய தொட்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். லேபல் கிழிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நுண்ணுயிர் செத்துப்போகும் என்பது ஒரு பக்கம். அந்தத் தண்ணீர் கடைசியில் உங்கள் வாழைக்குப் போகும் என்பது இன்னொரு பக்கம்.

நிறைந்தால் ஒரு டன் எடை. தரையைச் சிமெண்ட் போட்டுச் சமமாக்குங்கள். மேலே தகரக் கூரை போட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். வெயில் நேராகப் பட்டால் பிளாஸ்டிக் இரண்டு மூன்று வருடத்தில் மொறுமொறுவென்று உடையும், உள்ளே பாசியும் பிடிக்கும். தாமான் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) வீடு என்றால் வேலை தொடங்குமுன் அக்கம்பக்கத்தாரிடமும் உள்ளூர் நகராண்மைக் கழகத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு மிச்சமாகும்.

நான்காம் படி: குழாய்கள்

இந்த அமைப்பில் நான் விரும்பும் விஷயம், திரவ மட்டத்துக்குக் கீழே ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. தொட்டியின் அடியில் ஏற்கனவே 2 அங்குல வால்வு இருக்கிறது. அதையே வெளிவழியாக்கிவிடலாம். வால்வில் மூன்று வாயுள்ள ஒரு டீ (T) இணைப்புப் போடுங்கள். டீயின் ஒரு பக்கம் அடைப்பு வால்வு, இது மண் கசடு எடுக்க. இன்னொரு பக்கம் 2 அங்குலக் குழாய் நேராக மேலே ஏறி, தரையிலிருந்து அல்ல, தொட்டியின் உள் அடியிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் திரும்பிக் கரைசல் வாளிக்குள் விழ வேண்டும். திரும்பும் இடத்திலும் ஒரு டீ போட்டு அதன் மேல்வாயைத் திறந்தே விடுங்கள். அடைத்துவிட்டால் கரைசல் ஒரேயடியாக உறிஞ்சிக்கொண்டு வெளியே ஓடும். குழாய் அடைத்தால் கம்பி விட்டுக் குத்தவும் அந்த வாய்தான் உதவும். அதற்குக் கொசு வலை கட்டுங்கள்.

உள்வழி 3 அங்குலக் குழாய். வால்வுக்கு எதிர்ப்பக்கம், தொட்டியின் மேல் தளத்தில் துளை போட்டு, அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரம் வரை இறக்குங்கள். மேல்முனையில் புனல். புனலின் வாய் வெளிக்குழாய் மட்டத்தைவிடக் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். தொட்டிக்குள் வாயு அழுத்தம் கூடும்போது திரவம் குழாய்களில் மேலேறும். 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்றால் குழாயில் 10 சென்டிமீட்டர் ஏற்றம். புனல் தாழ்வாக இருந்தால் கொல்லையில் குழம்பு வழிவது போல வழியும்.

வாயு வெளியேற மேல் தளத்தின் உயரமான இடத்தில் அரை அங்குல இணைப்பு. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டு இறுக்குங்கள். சிலிக்கான் பசை மட்டும் பூசினால் இந்தப் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது, ஒரு மாதத்தில் உரிந்துவரும்.

எல்லாம் பொருத்தியதும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியின் 2 அங்குல வால்வையும் வாயுக் குழாயையும் மூடி, புனலில் இன்னும் கொஞ்சம் ஊற்றி அழுத்தம் ஏற்றுங்கள். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவுங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சியால் கசிவு தேடவே தேடாதீர்கள்.

ஐந்தாம் படி: வாயுவின் வழி

தொட்டியிலிருந்து அடுப்புக்குப் போகும் வழியில் நான்கு பொருள் இருக்க வேண்டும்.

முதலாவது தண்ணீர்ப் போத்தல். குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீ போட்டு, அதன் கீழ்க்கால் 10 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்படி ஒரு கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். குழாயில் வேர்க்கும் நீர் இதில் வடியும். அழுத்தம் 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் வாயு இதன் வழியாகக் குமிழ்விட்டு வெளியேறும், தொட்டி வெடிக்காது. பை நிறைந்துவிட்டால் இந்தப் போத்தல் களக் களக் என்று பேசும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாராவது எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள். போத்தலில் நீர் மட்டம் குறையாமல் வாரம் ஒரு முறை பாருங்கள், திறந்த வெளியில் வையுங்கள்.

இரண்டாவது, ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்கும் வடிகட்டி. 3 அங்குலக் குழாய்த் துண்டில் துருப்பிடித்த இரும்புச் சீவலைத் தளர்வாக அடையுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் ஒரு பை கொடுப்பார்கள், உப்புத் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் போட்டால் துரு ஏறும். துரு அந்த வாயுவைப் பிடித்துக் கறுப்பாகும். முழுக்கக் கறுத்ததும் வெளியே எடுத்துக் காற்றாடப் பரப்பினால் மறுபடி சிவக்கும். அப்போது சூடாகும் என்பதால் சிமெண்ட் தரையில், காய்ந்த இலை இல்லாத இடத்தில் பரப்புங்கள்.

மூன்றாவது வாயுப் பை. ஒரு கன மீட்டர் கொள்ளும் தடித்த பிவிசி பை. முதல் சோதனைக்கு லோரி டயரின் உள்டியூப்பும் ஆகும். பையைத் திறந்த கொட்டகையில், அடுப்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி வையுங்கள், மூடிய அறையில் ஒருபோதும் வேண்டாம். சுடர் நன்றாக நிற்க 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பைமேல் ஒரு பலகை வைத்து 50 கிலோ மணல் மூட்டை ஏற்றினால் சரியாக அந்த அழுத்தம் கிடைக்கும்.

நான்காவது, தீ பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் பொருள். அடுப்புக்கு முன்னால் குழாய்க்குள் பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைச் செருகினால் போதும். அதற்கு முன் ஒரு வால்வு. 10 மீட்டருக்கு மேல் குழாய் ஓடினால் முக்கால் அங்குலம் போடுங்கள்.

ஆறாம் படி: உயிர் கொடுப்பது

200 கிலோ புதுச் சாணம், அதாவது மாடு வளர்க்கிறவரிடம் ஒரு பிக்கப் வண்டி. கல்லும் வைக்கோலும் பொறுக்கிவிட்டு, சம அளவு தண்ணீரில் கையால் கரைத்து ஊற்றி, மிச்சத்தைத் தண்ணீரால் நிரப்புங்கள். மழைநீரோ கிணற்று நீரோ நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்துக் குளோரின் பறந்தபின் ஊற்றுங்கள். செம்பனை ஆலையில் தெரிந்தவர் இருந்தால் அவர்கள் கழிவுக் குளத்தின் அடிச்சேற்றில் நாலு வாளி கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்ல உறைமோர் கிடைக்காது.

பிறகு மூன்று வாரம் எதுவும் போடாதீர்கள். முதல் வாரத்திலேயே பை உப்பத் தொடங்கும், ஆனால் அதில் காற்றும் கரியமில வாயுவும்தான் இருக்கும். முதல் இரண்டு பை வாயுவையும் ஆள் இல்லாத நேரம் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் வெடிக்கும் கலவை அது. மூன்றாவது பையை அடுப்பில் பற்றவையுங்கள், அடுப்பில் மட்டும். எரியவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

எரியத் தொடங்கியதும் நாளுக்கு அரைக் கிலோ. வாரம் ஒரு முறை அரைக் கிலோ கூட்டுங்கள். 4 கிலோவுக்கு வர எட்டு வாரம் ஆகும். இந்த எட்டு வாரம்தான் எல்லாருக்கும் பொறுமை போகும் இடம்.

எனக்கும் அங்கேதான் போனது. தைப்பூசம் முடிந்த மறுநாள், பால்குடத்தில் மிஞ்சிய பால் கோயில் பின்புறம் சாக்கடைக்குப் போகிறது என்று மனம் கேட்காமல் நான்கு வாளி, கிட்டத்தட்ட 40 லிட்டர், கொண்டுவந்து அன்றிரவே தொட்டியில் ஊற்றினேன். பாலில் நூற்றுக்கு 12 பங்கு திடப்பொருள். அதாவது 4.8 கிலோ உலர்ந்த தீனி, முழு வளர்ச்சி பெற்ற தொட்டிக்கே ஆறு நாள் சாப்பாடு. என் தொட்டி அப்போது ஐந்து வாரக் குழந்தை. மறுநாள் பை என்றுமில்லாமல் உப்பி நின்றது, எனக்குச் சந்தோஷம். பற்றவைத்தால் சுடர் பிடிக்கவில்லை, வெறும் கரியமில வாயு. மூன்றாம் நாள் வெளிக்குழாயில் புளித்த தயிர் வாடை. புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்தால் 5.5 காட்டியது, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 6.8-க்கும் 7.5-க்கும் இடையில் இருக்க வேண்டிய இடம் அது.

சரியாக ஒரு மாதம் பிடித்தது. செய்ய வேண்டியது இதுதான். தீனியை முழுக்க நிறுத்துங்கள். 200 கிராம் ஆப்பச் சோடாவை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நாளுக்கு ஒரு முறை, பி.எச். 6.8-ஐத் தொடும் வரை ஊற்றுங்கள். சுண்ணாம்பு மலிவு என்று அதைப் போடாதீர்கள், அது உள்ளே இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிக் காற்று உள்ளே புகும். அப்புறம் நாலு வாளி புதுச் சாணக் கரைசல். வாயு மறுபடி எரியத் தொடங்கினால் அரைக் கிலோவிலிருந்து மீண்டும் ஏறுங்கள். இப்போது எங்கள் வீட்டில் தைப்பூசப் பாலை நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் மட்டும் ஊற்றுகிறோம், அன்றைக்கு மற்றத் தீனியைக் குறைத்துக்கொண்டு.

அடுப்பு

வழக்கமான கேஸ் அடுப்பில் ஊசித்துளை மிகச் சிறியது, பயோகேஸுக்குப் போதாது. பழைய அடுப்பு ஒன்றை எடுத்து, துளையை 2 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, சுடர் சின்னதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காற்று புகும் வாயை முக்கால் பங்கு மூடிப் பார்த்துத் திறந்துகொண்டே வாருங்கள். சுடர் அடுப்பைவிட்டு எழும்பித் துள்ளினால் காற்றோ அழுத்தமோ அதிகம். மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை. சரியாக அமைந்த சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. என் அத்தை முதல் நாள் எரியவில்லை என்று கையைக் கொண்டுபோனார், நல்ல வேளை தடுத்துவிட்டேன். எரிகிறதா என்று பார்க்க விளக்கை அணைத்துப் பாருங்கள். இப்படி மாற்றிய அடுப்பைத் தோம்பில் எக்காலத்திலும் மாட்டக் கூடாது. பெரிய துளையில் அந்த வாயு பீறிட்டு வீட்டைக் கொளுத்திவிடும். அடுப்பின் மேலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதிவையுங்கள்.

தினசரி வேலையும் வெளியே வரும் கரைசலும்

காலையில் கழிவை நறுக்கி அல்லது அரைத்து, தண்ணீர் கலந்து, புனலில் ஊற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. அதே அளவு கரைசல் வெளிக்குழாய் வழியாக வாளியில் விழும். தண்ணீருக்குப் பதிலாக அதில் பாதியையே திருப்பிக் கலந்தால் நுண்ணுயிர்கள் வீணாகாது. வாரம் ஒரு நாள் அடி வால்வில் இரண்டு வாளி எடுத்துப் புனலில் ஊற்றுங்கள், உள்ளே கலங்கி மிதக்கும் ஆடை உடையும். மாதம் ஒரு முறை மண் கசடை வெளியே எடுங்கள். ஊருக்குப் போனால் ஒரு வாரம் தீனி போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்பி வந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துப் போடாமல் இருந்தால் சரி.

சரியாக ஓடும் தொட்டியின் கரைசலில் மலநாற்றம் இருக்காது, மழை நனைத்த மண் வாடைதான். தழைச்சத்து செடி உடனே எடுக்கும் வடிவில் இருக்கும். ஒரு பங்குக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழை, பப்பாளி, தென்னை, கறிவேப்பிலை வேர்களில் ஊற்றுங்கள். இந்த வெப்பத்தில் நோய்க் கிருமிகள் முழுக்கச் சாவதில்லை. அதனால் பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி, தக்காளி மேல் தெளிக்கக் கூடாது. நாளுக்கு 11 லிட்டர் கரைசலை ஏற்க உங்களிடம் மண் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கொல்லை முழுவதும் சிமெண்ட் என்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தோட்டமோ கோயில் நந்தவனமோ வாங்கிக்கொள்ளுமா என்று பேசிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு பற்றி ஒன்று, இதை எழுதாமல் முடிக்க எனக்கு மனம் வராது. தொட்டியை எதற்காகத் திறந்தாலும் தலையை உள்ளே விடாதீர்கள். பெரிய தொட்டி, பள்ளத் தொட்டி என்றால் உள்ளே இறங்கவே கூடாது, உள்ளே விழுந்தவரைத் தூக்கவும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். நிறைய இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். கழுவ வேண்டுமானால் இரண்டு நாள் மூடியைத் திறந்துபோட்டு, வெளியே நின்றபடி குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, அடி வால்வு வழியாகவே வெளியேற்றுங்கள். எங்கள் தொட்டியை நான் அப்படித்தான் கழுவுகிறேன், ஆண்டுக்கு ஒரு முறை, மழை விட்ட ஒரு காலையில், புகைபிடிக்கும் தம்பியைக் கொல்லைப் பக்கமே விடாமல்.